38 நாள் தாமதம்... 400 கி.மீ. பனிப்பயணம்! கண்டங்கள் நகர்வதைச் சொன்ன வெக்னர், பனியில் உயிரை விட்டது ஏன்?

1930-ஆம் ஆண்டு நவம்பர் 1. கிரீன்லாந்து பனிப்பரப்பின் நட்ட நடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வெறும் பனி.

அந்தப் பனிக்குள் தோண்டிய ஒரு குகையிலிருந்து இரண்டு பேர் வெளியே வருகிறார்கள். ஒருவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரெட் வெக்னர். அன்றைக்குத்தான் அவருக்கு 50 வயது நிறைகிறது. இன்னொருவர் கிரீன்லாந்தைச் சேர்ந்த ராஸ்முஸ் வில்லும்சென். வயது 23. இரண்டு சறுக்கு வண்டி, 17 நாய். போக வேண்டிய தூரம் 400 கி.மீ.

இரண்டு பேருமே கரைக்குப் போய்ச் சேரவில்லை.

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, பிறகு மெல்ல நகர்ந்து பிரிந்தன என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். அதைச் சொன்னவர்தான் இந்த வெக்னர். ஆனா அவர் எங்கே, எதற்காக இறந்தார் என்பது பலருக்கும் தெரியாது. அவர் உயிரை விட்டது அந்தக் கோட்பாட்டுக்காக இல்ல. ஒரு துருவ ஆய்வு நிலையத்துக்குக் கோடை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு போய்ச் சேராததுதான் காரணம். என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வெக்னர்?

1880-இல் பெர்லினில் பிறந்தவர் வெக்னர். அப்பா ஒரு மதபோதகர், மொழி ஆசிரியரும்கூட. வீட்டில் கடைசிப் பிள்ளை இவர். அண்ணன் குர்ட்டும் பின்னாளில் வானிலை ஆய்வாளர் ஆனார். இந்தக் கதையின் கடைசியில் அவரும் வருவார்.

வெக்னர் முனைவர் பட்டம் வாங்கியது வானியலில். 1905-இல் பட்டம் கைக்கு வந்தது. ஆனா நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு ஓர் அறையில் உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று, மேகம், பனி என்று வெளியே போய் அளக்கிற வேலைதான் வேண்டும் என்று வானிலை ஆய்வுக்கு மாறினார்.

மாறிய வேகத்திலேயே ஒரு சாதனை. 1906 ஏப்ரலில் அண்ணனும் தம்பியும் ஒரு பலூனில் ஏறினார்கள். மேல் காற்றை ஆராய்வதும், பறந்தபடி இடத்தைக் கணிக்கும் கருவிகளைச் சோதிப்பதும்தான் நோக்கம். 52 மணி நேரத்துக்கும் மேல் தரை இறங்காமல் பறந்தார்கள். அன்றைய தேதிக்கு அது உலக சாதனை.

மழை எப்படி உருவாகிறது என்பதிலும் அவர் பங்கு உண்டு. குளிர்ந்த மேகத்துக்குள் பனித்துகளும் நீர்த்துளியும் சேர்ந்து இருக்கும்போது, பனித்துகள் வேகமாக வளர்ந்து கீழே விழும் என்ற கருத்தை முதலில் முன்வைத்தவர் அவர்தான். வானிலை அறிவியல் பாடத்தில் இன்றைக்கும் அவர் பெயரோடு அது இருக்கிறது.

1912 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் கண்ட நகர்வுக் கருத்தை முதன்முதலில் வெளியிட்டார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வகைப் பாறை, ஒரே வகைப் புதைபடிவம். அப்படியானால் எல்லாம் ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும் என்றார். 1915-இல் அது புத்தகமாகவும் வந்தது.

நிலவியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. வானிலை ஆய்வாளருக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்ற அலட்சியம் ஒரு பக்கம். இவ்வளவு பெரிய கண்டத்தைத் தள்ளுகிற விசை எது என்ற நியாயமான கேள்வி இன்னொரு பக்கம். அந்த விசைக்கு அவர் சொன்ன விளக்கம் உண்மையிலேயே போதவில்லை. ஜெர்மனியில் முழுநேரப் பேராசிரியர் பதவி கிடைக்காமலே போனது. கடைசியில் 1924-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகம்தான் அவருக்கு இடம் கொடுத்தது.

கிரீன்லாந்து கற்றுக்கொடுத்த பாடம்

வெக்னர் முதன்முதலில் கிரீன்லாந்துக்குப் போனது 1906-இல். டென்மார்க் நாட்டு ஆய்வுக் குழு ஒன்றில் வானிலை ஆய்வாளராகச் சேர்ந்தார். வடகிழக்குக் கரையில் இரண்டு குளிர்காலம். பட்டமும் கயிறு கட்டிய பலூனும் பறக்கவிட்டு, துருவக் காற்றின் வெப்பநிலையை அளந்தார். கிரீன்லாந்தில் வானிலை நிலையம் அமைப்பதில் அவருக்கு அதுதான் முதல் அனுபவம்.

அந்தப் பயணத்திலேயே ஒரு சோகம். குழுத் தலைவர் மிலியுஸ்-எரிக்சென் உள்பட மூன்று பேர் 1907-இல் பனியில் இறந்துபோனார்கள். வடக்கே வரைபடம் எடுக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் குளிர்காலம் பிடித்துக்கொண்டது. உணவும் தீர்ந்துபோனது. மூவரில் கடைசியாக உயிரோடு இருந்தவர் கிரீன்லாந்தைச் சேர்ந்த யோர்கன் புரோன்லுண்ட். மற்றவர்கள் எடுத்த வரைபடங்களைச் சுமந்துகொண்டு, உணவுக் கிடங்கு இருந்த இடம் வரை வந்துதான் அவர் உயிரை விட்டார். வரைபடம் கிடைத்தது, அவர் பிழைக்கவில்லை.

இரண்டாவது பயணம் 1912-13. தலைவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் பீட்டர் கோக். வெக்னரோடு சேர்த்து மொத்தம் நான்கு பேர்தான். சரக்கு இழுக்க ஐஸ்லாந்து மட்டக்குதிரைகள். பனிப்பரப்பின் மேலேயே குடில் போட்டுக் குளிர்காலத்தைக் கழித்த முதல் குழு இதுதான். கோக் ஒரு பனிப்பிளவில் விழுந்து கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்த படுக்கையானார்.

வசந்தம் வந்ததும் கிரீன்லாந்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார்கள். குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேற்குக் கரைக்குப் பக்கத்தில் வரும்போது கையில் உணவு இல்ல. கூடவே வந்த நாயையும் கொன்று சாப்பிட வேண்டிய நிலை. தற்செயலாக அந்த வழியாக வந்த ஒரு பாதிரியாரின் படகு கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள்.

இரண்டு பயணமும் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான். பனியில் ஆளைக் கொல்வது குளிர் மட்டும் இல்ல. நாள்கணக்கும் உணவுக்கணக்கும் தவறினாலும் உயிர் போகும். இதை வெக்னரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அன்றைக்கு உலகத்தில் மிகக் குறைவு.

ஊர் திரும்பியதும் 1913-இல் எல்ஸேவைக் கல்யாணம் செய்துகொண்டார். புகழ்பெற்ற வானிலை அறிஞர் கோப்பனின் மகள் அவர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. நடுவில் முதல் உலகப் போர் வந்தது. போர்முனையில் இரண்டு முறை காயம்பட்டார்.

பனியின் நடுவில் எதற்கு ஒரு நிலையம்?

1920-களின் கடைசி. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் விட முடியுமா என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். குறுக்கு வழி கிரீன்லாந்துக்கு மேலேதான் போகிறது. ஆனா அந்தப் பனிப்பரப்பின் நடுவில் வருஷம் முழுக்கக் காற்று எப்படி வீசுகிறது, குளிர் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

பனி எவ்வளவு ஆழம் என்பதும் தெரியாது. அதை அளக்க ஒரு புது வழி வந்திருந்தது. பனியின் மேல் வெடி வைத்தால், அந்த அதிர்வு அடிப்பாறை வரை போய் மோதித் திரும்பி வரும். திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம்.

வெக்னர் போட்ட திட்டம் இது. ஏறக்குறைய 71 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி மூன்று நிலையம். மேற்குக் கரையில் ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று, நடுவில் பனிப்பரப்பின் உச்சியை ஒட்டி ஒன்று. நடு நிலையத்துக்கு 'ஐஸ்மிட்டே' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'பனியின் நடு' என்று பொருள். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில், ஒரு வருஷம் முழுக்க அளவெடுக்க வேண்டும்.

ஜெர்மன் அறிவியலுக்கு உதவும் அரசு சார்ந்த நிதி அமைப்பு பணம் கொடுத்தது. 1929 கோடையில் வெக்னர், யோஹன்னஸ் கியோர்கி, எர்ன்ஸ்ட் சோர்கே, ஃபிரிட்ஸ் லோவே ஆகிய நான்கு பேரும் முன்னோட்டமாகப் போய் வழி பார்த்துவிட்டு வந்தார்கள்.

திட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் சிக்கல். ஐஸ்மிட்டேவில் குளிர்காலம் முழுக்க ஆள் தங்க வேண்டும் என்றால் குடில், எரிபொருள், உணவு, கருவிகள், வெடிமருந்து, வானொலிக் கருவி எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும். கரையிலிருந்து 400 கி.மீ. அதையும் கோடை முடிவதற்குள் செய்தாக வேண்டும். செப்டம்பர் கடந்தால் குளிர் ஏறும், பகல் சுருங்கும், நாய்கள் சோர்ந்துவிடும். ஆக, கையில் இருப்பது மூன்று மாசம். அவ்வளவுதான்.

கண்ணெதிரே கரை... நடுவில் உறைந்த கடல்

1930 ஏப்ரல் 1. டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் புறப்பட்டது. வழியில் ஐஸ்லாந்தில் 25 மட்டக்குதிரைகளை வாங்கினார்கள். 1912-இல் கூட வந்த விக்ஃபூஸ் சிகுர்ட்சன்தான் குதிரைகளுக்குப் பொறுப்பு. கூடவே இரண்டு புதுமையான வண்டிகள். சக்கரம் கிடையாது. பின்னால் விமான எஞ்சினும் காற்றாடியும் பொருத்திய சறுக்கு வண்டிகள். நாய்கள் ஒரு மாசத்தில் இழுப்பதை இவை சில நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பது கணக்கு.

மே மாதம் மேற்குக் கரையின் உம்மன்னாக் பகுதிக்கு வந்துவிட்டார்கள். சரக்கை இறக்க வேண்டிய காமாருயுக் கடற்கழி பக்கத்தில்தான் இருந்தது. ஆனா அதன் முகப்பில் கடல் உறைந்து கிடந்தது. படகு போக முடியாத அளவுக்கு நீர் இறுகியிருந்தது. சரக்கு மொத்தத்தையும் மேலே வைத்து இழுக்கும் அளவுக்கு அந்தப் பனிக்குப் பலம் இல்ல.

காத்திருந்தார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம். பனி உடையவே இல்ல.

துருவத்தில் கோடை என்றால் சூரியன் மறைவதே கிடையாது. 24 மணி நேரமும் வெளிச்சம். வேலை செய்ய அதைவிட நல்ல நேரம் வராது. அந்த வெளிச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு நாளும் போகப்போக, குளிர்காலத்தில் ஐஸ்மிட்டேவில் இருக்கப்போகிறவர்களின் எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது என்று பொருள்.

ஜூன் 17-இல்தான் வழி திறந்தது. மொத்தம் 38 நாள் போச்சு. மூன்று மாசக் கோடையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

குதிரை, நாய், மனித முதுகு

கரையில் இறக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. அங்கிருந்து பனிப்பரப்பின் விளிம்புக்கு ஏற வேண்டும். நடுவில் காமாருயுக் பனியாறு. சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏறக்குறைய 100 டன் சரக்கு.

கோடை வெயிலில் பனியாறு உருகிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு வெட்டிய பாதை நாளைக்கு ஓடையாகிவிடும். திரும்பவும் வெட்ட வேண்டும். குதிரைகள் மூட்டை சுமந்தன. நாய்கள் வண்டி இழுத்தன. முடியாத இடத்தில் ஜெர்மானியர்களும், கூலிக்கு வந்த கிரீன்லாந்து மக்களும் முதுகில் சுமந்தார்கள். மொத்தமாகத் தூக்க முடியாத பெரிய சுமை அந்த எஞ்சின் வண்டிகள்தான். அவற்றை மேலே ஏற்றுவதற்குள் கோடையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

அதுவரை காத்திருக்க முடியாது என்று நாய் வண்டியிலேயே ஆரம்பித்தார்கள். ஜூலை நடுவில் முதல் குழு கிளம்பியது. வழி நெடுக அடையாளக் கொடிகளை நட்டுக்கொண்டே போனார்கள். ஜூலை 30 அன்று ஐஸ்மிட்டே பிறந்தது. சுற்றிலும் வெறும் பனி, நடுவில் ஒரு கூடாரம், வானிலைக் கருவிகள். கியோர்கி மட்டும் அங்கே தங்கினார். மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் தனி ஆளாக அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் இரண்டாவது சுற்று. செப்டம்பரில் மூன்றாவது சுற்று. அதில் சோர்கே வந்து சேர்ந்தார். மூன்று சுற்றிலும் கொண்டுவந்ததைக் கூட்டினால் குளிர்காலத்துக்குப் போதவில்லை. குடில் வரவில்லை. வானொலிக் கருவி வரவில்லை. மண்ணெண்ணெய் குறைவு. இதெல்லாம் எஞ்சின் வண்டியில் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

வண்டிகள் செப்டம்பர் நடுவில் கிளம்பின. பாதி வழி வரை ஓடின. அதற்கு மேல் புதுப்பனியும் எதிர்க்காற்றும் சேர்ந்து மடக்கிவிட்டன. சரக்கை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒரு கடிதம், ஒரு முடிவு

மூன்றாவது குழு திரும்பும்போது கியோர்கியும் சோர்கேயும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என்னென்ன குறைகிறது என்ற பட்டியல் அதில் இருந்தது. அக்டோபர் 20-க்குள் எரிபொருள் வராவிட்டால், கையால் வண்டி இழுத்துக்கொண்டு நடந்தே மேற்கு நிலையத்துக்குக் கிளம்பிவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

வெக்னருக்கு அந்த வரி இடி மாதிரி. குளிர்காலத் தொடக்கத்தில், நாய் இல்லாமல், 400 கி.மீ. நடந்து வந்தால் இரண்டு பேரும் செத்துப்போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1907-இல் பார்த்தவர் அவர். தகவல் அனுப்பித் தடுக்கலாம் என்றால் அங்கே வானொலி கிடையாது.

வேறு யாரையாவது அனுப்பிவிட்டு அவர் கரையில் இருந்திருக்கலாம். தலைவர் அவர்தான், வயது 50-ஐத் தொடுகிறது. ஆனா திட்டம் அவருடையது. அதை நம்பி உள்ளே போனவர்கள் அவர்கள். செப்டம்பர் பிற்பகுதியில் அவரே கிளம்பினார். கூட லோவேயும் கிரீன்லாந்தைச் சேர்ந்த 13 பேரும், 15 நாய் வண்டிகளும்.

கிளம்பிய சில நாளிலேயே பனிப்புயல். கொடிகள் பனியில் புதைந்துபோயிருந்தன. ஒருநாள் முழுக்க நடந்தாலும் சில கிலோமீட்டர்தான் நகர முடிந்தது. கூட வந்த கிரீன்லாந்துக்காரர்கள் போக மறுத்தார்கள். அவர்கள் கோழைகள் இல்ல. கடற்கரையில் வேட்டையாடி வாழ்கிற மக்கள். பனியின் நடுவில் வேட்டைக்கு ஒன்றும் இல்லாததால் அங்கே யாரும் போவதில்லை. இந்தக் காலத்தில் உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதலில் சிலர், பிறகு சிலர் என்று 12 பேர் திரும்பிவிட்டார்கள். ராஸ்முஸ் மட்டும் இருந்தார்.

ஆள் குறையக் குறைய, வண்டியும் குறைந்தது. சரக்கையும் வழியில் விட்டுவிட்டே போக வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் ஐஸ்மிட்டேவுக்குக் கொடுக்க அவர்களிடம் எதுவுமே மிச்சமில்ல. அப்போதும் வெக்னர் திரும்பவில்லை. அந்த இரண்டு பேரும் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தால் வழியிலேயே பிடித்து உதவ வேண்டும் என்பதுதான் இப்போது காரணம்.

குகைக்குள் காத்திருந்த ஆச்சரியம்

அக்டோபர் 30. வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. மூன்று பேரும் ஐஸ்மிட்டேவுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கியோர்கியும் சோர்கேயும் நலமாக இருக்கிறார்கள்!

குடில் வராததால் இறுகிய பனியைத் தோண்டி, தரைக்குக் கீழே ஓர் அறை செய்திருந்தார்கள். தூங்க மேடையும் பனிதான், சுவரும் பனிதான். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் உள்ளே மைனஸ் 5 டிகிரி அளவில்தான் இருந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, கிளம்பும் எண்ணத்தையே கைவிட்டிருந்தார்கள்.

அதாவது, இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த பயணம் தேவைப்பட்டிருக்கவே இல்ல. ஒரே ஒரு வானொலிச் செய்தி போதும், எல்லாம் மாறியிருக்கும். அந்தக் கருவியோ கரைப்பக்கமே நின்றுவிட்ட சுமைகளில் ஒன்று.

வெக்னர் கோபப்படவில்லை. குகையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அளவுகள் விடாமல் எடுக்கப்பட்டிருக்கின்றன, நிலையம் உயிரோடு இருக்கிறது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஆனா லோவேயின் கால்விரல்கள் உறைந்து அழுகத் தொடங்கியிருந்தன. மருத்துவர் இல்ல, மயக்க மருந்தும் இல்ல. கியோர்கிதான் பேனாக்கத்தியாலும், தகரம் வெட்டும் கத்தரியாலும் விரல்களை வெட்டி எடுத்தார். லோவே இனி நடக்க முடியாது, அங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

உணவு மூன்று பேருக்கே இழுபறி, ஐந்து பேருக்குக் கட்டாயம் போதாது. அப்படியானால் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். வெக்னரும் ராஸ்முஸும் வந்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. பிறந்தநாள் காலையில் கிளம்பிவிட்டார்கள்.

மே மாதம் கிடைத்த பதில்

மேற்கு நிலையத்தில் இருந்தவர்கள், வெக்னர் ஐஸ்மிட்டேவிலேயே குளிர்காலத்துக்குத் தங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். ஐஸ்மிட்டேவில் இருந்தவர்கள், அவர் எப்போதோ கரை சேர்ந்திருப்பார் என்று நினைத்தார்கள். ஆறு மாசம் இரண்டு பக்கமும் நிம்மதியாகவே இருந்தது.

1931 வசந்தத்தில் மேற்கிலிருந்து குழு ஐஸ்மிட்டேவுக்குப் போனபோதுதான் உண்மை வெளியே வந்தது. உடனே தேடல் தொடங்கியது. பாதி வழியில் பனியில் நட்டுவைத்திருந்த இரண்டு சறுக்குக்கட்டைகள் அடையாளம் காட்டின. மே 12 அன்று அந்த இடத்தைத் தோண்டினார்கள்.

வெக்னரின் உடல் இருந்தது. ரெயின்டீர் மான் தோலின்மேல் கிடத்தி, ஸ்லீப்பிங் பேக் உறைகளால் சுற்றித் தைத்து, அவ்வளவு கவனமாக அடக்கம் செய்யப்பட்டிருந்தார். உறைந்து இறந்ததற்கான அறிகுறி இல்ல. நாய்கள் குறைந்துபோய் ஒரு வண்டிதான் மிஞ்சியது. அதை ராஸ்முஸ் ஓட்ட, வெக்னர் சறுக்குக்கட்டையில் பின்னால் வந்திருக்கிறார். அளவுக்கு மீறிய உழைப்பில் இதயம் நின்றிருக்கலாம் என்பதுதான் பொதுவான முடிவு.

அத்தனை மரியாதையோடு அடக்கம் செய்தது ராஸ்முஸ். பனிக்காற்றில், நாய்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, தனக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று தெரிந்தும் அதைச் செய்திருக்கிறார். வெக்னரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மேற்கு நோக்கிக் கிளம்பியிருக்கிறார். வழியில் அவர் முகாமிட்ட தடயங்கள் கிடைத்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்ல. அவரும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை. புரோன்லுண்ட் மாதிரியே அவரும் இன்னொருவரின் எழுத்தைச் சுமந்துகொண்டு நடந்தவர். ஆனா அவருக்கு எல்லைவரை வர வாய்க்கவில்லை.

வெக்னரை அதே இடத்திலேயே விட்டுவிட்டு மேலே ஒரு இரும்புச் சிலுவை நட்டார்கள். வருஷா வருஷம் விழும் பனி அதையும் மூடிவிட்டது. இன்றைக்கும் அவர் அந்தப் பனிக்குள்தான், பனியோடு சேர்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பயணம் வீணா?

இல்ல. அண்ணன் குர்ட் வந்து பொறுப்பேற்று ஆய்வை முடித்துவைத்தார். குகைக்குள் இருந்த மூன்று பேரும் குளிர்காலம் முழுக்க ஒருநாள் விடாமல் அளவெடுத்தார்கள். மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போன குளிரைப் பதிவு செய்தார்கள். கிரீன்லாந்தின் நடுப்பகுதியின் ஒரு வருஷ வானிலை உலகத்துக்கு முதன்முறையாகக் கிடைத்தது.

சோர்கே பனிக்குள் 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஆழம் கூடக்கூடப் பனி எப்படி இறுகுகிறது என்று அளந்தார். பனிப்பாறை ஆய்வில் அது இன்றும் அவர் பெயரிலேயே ஒரு விதியாக இருக்கிறது. அங்கே பனியின் தடிமன் 2,500 மீட்டருக்கும் மேல் என்று வெடிவைத்துக் கண்டறிந்தார்கள். லோவே யூதர் என்பதால் பின்னாளில் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வானிலைத் துறையை உருவாக்கினார். விரல் இழந்த காலோடு அன்டார்க்டிகாவிலும் ஒரு குளிர்காலம் தங்கினார்.

கண்ட நகர்வு என்ன ஆனது? வெக்னர் இறந்து 30 வருஷத்துக்குப் பிறகு, கடலடித் தரை நடுவில் பிளந்து விரிகிறது என்பதற்கு 1960-களில் ஆதாரம் கிடைத்தது. கண்டங்களைத் தள்ளும் விசை எது என்று அவரால் சொல்ல முடியாத கேள்விக்கு வழி திறந்தது. இன்றைக்கு நிலநடுக்கத்துக்குக் காரணம் சொல்வதே புவித்தட்டு அறிவியலை வைத்துத்தான்.

ஜெர்மனியின் துருவ ஆய்வு நிறுவனத்துக்கு 1980-இல் ஆல்ஃபிரெட் வெக்னர் பெயரையே வைத்தார்கள். அன்டார்க்டிகாவில் இருக்கும் இந்தியாவின் பாரதி நிலையத்துக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த நிலையம் இருக்கும் பகுதியின் பாறைகள், இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளோடு ஒத்துப்போகின்றன. இரண்டும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த நிலம் என்பது இப்போது பாடம். வெக்னர் சொன்னபோது அது கேலி.

துருவ நிலையங்களின் வாழ்க்கையும் அடிப்படையில் மாறவில்லை. இன்றைக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது, விமானம் இருக்கிறது. ஆனாலும் எரிபொருளும் உணவும் பெரும்பாலும் கப்பலில், கோடையின் சில மாதங்களுக்குள்தான் போயாக வேண்டும். பனி வழி விடாவிட்டால் கப்பல் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நாள்களுக்கான விலையைக் குளிர்காலத்தில் உள்ளே இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது என்பதால்தான், இன்றைய நிலையங்கள் தேவைக்கு மேல் எரிபொருளையும் உணவையும் இருப்பில் வைக்கின்றன.

1930-இல் ஐஸ்மிட்டேவில் அந்தக் கூடுதல் இருப்பு இல்ல. 38 நாளின் விலையை அங்கே இருந்தவர்கள் கொடுத்துவிடக் கூடாது என்று இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். குகையில் இருந்த மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.